தாள் மூடிய பாத்திகள்

காளியண்ணன் பாத்தியிலிருந்து காய்ந்த சாமைத் தாளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வரப்பில் தம்பி மனைவி பொன்னாயி நின்றிருந்தாள். வாசலில் கிடத்தியிருந்த கணவனின் உடலை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“எடுத்த எடத்துலயே போட்டுருங்க மாமா.”

“பாடையில பரப்பத் தாள் வேணும் புள்ள. எல்லாக் காட்டுலயும் தாளுக்குத் தீ வெச்சாச்சு. உன்ற ஊட்டுக்காரன் ஒருத்தன்தான் குப்பையைச் சேத்து வெச்சிருக்கறான்.”

தம்பி அர்த்தனாரி செத்த பிறகும் கேலி வாயில் வந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன ஐப்பசியில் சமதரையில் விதைத்த சோயா, நீர் தேங்கி அழுகிப்போனது. அதனால் இந்த முறை சாமை அறுத்ததும் அர்த்தனாரி மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டினான். இடையே வடிகால் விட்டான். மிச்சமிருந்த சோயா விதை அத்தனையையும் ஊன்றி, அறுத்த தாளைக் கொளுத்தாமல் மேலே பரப்பினான். பார்க்கப் போன பொன்னாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

“பொணம் பொதச்ச மேடாட்டம் வரிசையாக் கட்டி வெச்சிருக்கறீங்களே.”

அவன் சிரித்தான். “படுத்துப் பாக்கட்டுமா?”

நேற்று மத்தியானம் அவள் சோறு கொண்டுபோனபோது, இரண்டு பாத்திகளுக்கு நடுவே வடிகாலில் படுத்திருந்தான். விழும்போதுகூடப் பாத்தியில் சாயவில்லை. விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள். போசியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, எழுந்து வரட்டும் என்று வரப்பில் உட்கார்ந்திருந்தாள். சோறு ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.

“தாளில்லாம எப்படிப் புள்ள தூக்கறது?”

“எங்கூட்டுக் கூரையில புல்லு இருக்குது. உருவிக்கோங்க.”

“மழை வாரப்பக் கூரையைப் பிரிக்கச் சொல்றியா?”

“இப்பத்தான் மொளை கெளம்புதுங்க. தாளை எடுத்துட்டா மழை அடிச்சு மண்ணு இறுகிப்போயிருமுன்னு அவரு சொன்னாரு.”

காளியண்ணன் குனிந்து, தாளைப் பழைய இடத்திலேயே போட்டுக் கையால் நிரவினார்.

கூரைப்புல் பரப்பிய பாடையில்தான் அர்த்தனாரி போனான்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிய சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. புல் உருவிய இடத்தில் கூரை ஒழுகியது. பொன்னாயி ஒழுக்குக்கு அடியில் ஏனம் எதுவும் வைக்கவில்லை. காட்டுப் பக்கமிருந்து வடிகாலில் நீர் இறங்கும் சத்தம் கேட்டது. எங்கும் தேங்காமல் இறங்கியது. ஓரிடத்தில் மட்டும், குறுக்கே கிடக்கும் எதையோ சுற்றிக்கொண்டு போவதுபோல் தயங்கியது.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றுப் போசியை அவள் வாசற்படிக்கு நகர்த்தினாள். மூடியைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.