நிழலுக்குப் போட்ட கோடு

பெரியவளுக்குப் பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். பன்னிரண்டு பள்ளிக்கூடங்களுக்குப் பிளான் போட்டுக் கட்டியவள் ஒரு இரண்டாம் வகுப்பு டீச்சரைப் பார்த்து எதற்குப் பொறாமைப்பட வேண்டும்? அதுவும் அந்த டீச்சர் சொந்த ஓரகத்தி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டுக்கு வந்தவள். ஆனால் பொறாமை என்பது பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. வெளியே யாருக்கும் தெரியாது. நாக்கு மட்டும் நாள் முழுக்க அங்கேயே போய்ப் போய்த் தடவிக்கொண்டிருக்கும்.

அந்த நாரை மாட்டிவிட்டது பெரியவளின் மகள். ஏழு வயசு, ஓயாத வாய். அதனால் வீட்டில் அவளுக்குக் குருவி என்றே பெயர். இந்த வருஷம் குருவி போய் உட்கார்ந்தது சின்னவளின் வகுப்பில். வீட்டில் சித்தி, பள்ளிக்கூடத்தில் மிஸ். அந்த ஒரே ஆளைக் கூப்பிட மகளிடம் இரண்டு சொல் இருந்தது. பெற்றவளுக்கு ஒன்றுதான்.

"அம்மா, மண்புழுவுக்குக் கண்ணே கிடையாதாம். மிஸ் சொன்னாங்க."

"அதை நான் போன வருஷமே உனக்குச் சொன்னேன்டி."

"நீ சொன்னே. மிஸ் காட்டினாங்க."

பெரியவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். எதிரே உட்கார்ந்திருந்த சின்னவள், "அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்" என்றாள் மரியாதையாக. அந்த மரியாதைதான் இன்னும் எரிந்தது. சண்டைக்கு வருகிறவளைச் சமாளித்துவிடலாம். விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறவளை என்ன செய்வது?

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பள்ளிக்கூடத்து வேலை பெரியவளின் கைக்கு வந்தது. கட்டடம் இல்லை, முற்றம். பிள்ளைகள் ஓடுகிற இடம் முழுக்கச் சிமென்ட் தரை. வெயில் ஏறினால் கால் வைக்க முடியாது, மழை பெய்தால் தண்ணீர் தெருவுக்கு ஓடிவிடும். தலைமையாசிரியை அதை மாற்ற நினைத்தார். ரப்பர் தரை போடுகிற ஒருவர் ஏற்கெனவே வந்து, பச்சை நிறத்தில் பொய்ப்புல்லும் பிளாஸ்டிக் சறுக்குமரமும் காட்டி, "ஒரே வாரத்துல போட்டுக் குடுத்துடறேன் மேடம். இருபது வருஷத்துக்கு ஒரு செடி தண்ணி கேக்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பெரியவள் காட்டியது வேறு. சிமென்ட்டை உடைத்து மண்ணைத் திறப்பது. உடைத்த சிமென்ட் பாளங்களையே அடுக்கிப் படி கட்டி, திறந்தவெளி வகுப்பாக்குவது. கூரை மழையைத் தொட்டியில் பிடிப்பது. விழுந்த மரங்களின் அடித்தண்டைக் கொண்டுவந்து ஏறி விளையாடப் போடுவது. இத்தனை வருஷமாக எல்லாரும் அவளிடம் வகுப்பறைக்கு மேல் வகுப்பறைதான் கேட்டார்கள். பிள்ளைகளை வெளியே கொண்டுவரும் வேலை ஒன்று வராதா என்று அவள் ஏங்கிக் கிடந்தாள். வந்தே விட்டது. ஆனால் வந்த இடத்தில் சின்னவள் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போய் அளந்தாள், அளவு நாடாவை யாரும் தாண்டிக் குதிக்கக் கூடாதே என்று. ஆறு ஞாயிறு, ஆறும் காலை வேளை. கிழக்கு மதிலோரம் ஒரு பெரிய மரம். அதன் நிழல் முற்றத்துக்குள் விரித்துப் போட்ட பாய் மாதிரி விழுந்தது. படி வகுப்பு அங்கேதான் என்று முடிவு செய்தாள். மேற்கே, மாடிக் கட்டடத்தின் காலடியில் ஒரு நீளத் துண்டு நிலம் சும்மா கிடந்தது. அங்கே தண்ணீர்த் தொட்டி, இலை மட்கும் குழி. திறந்தவெளி வகுப்பு எந்த நேரத்தில் நடக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால், டைம்டேபிள் போடுகிற சின்னவளிடம்தான் கேட்க வேண்டும். வெளிவகுப்பு என்றாலே காலை இளவெயில்தானே என்று தானே எழுதிக்கொண்டாள்.

அட்டையில் மாடல் செய்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்த அன்று வீடே சுற்றி நின்றது. கடற்பஞ்சில் மரம், தீக்குச்சியில் வேலி, கண்ணாடித் துண்டில் தொட்டித் தண்ணீர். சின்னவள் குனிந்து, சுற்றி வந்து, மறுபடி குனிந்து பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குக்கா. பிள்ளைங்க எங்கே?"

"அட்டையில பிள்ளைங்களை ஒட்டற வழக்கம் இல்லம்மா" என்றாள் பெரியவள்.

அவள் புருஷன் குபுக்கென்று சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் தட்டில் கேட்காமல் எதுவும் விழவில்லை.

மறுநாள் சின்னவள் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். பழுப்பு அட்டை, ஓரமெல்லாம் வெள்ளைத்தூள். "மாசத்துக்கு ஒரு நாள் பிள்ளைங்க மணிக்கொரு தடவை வெளியே போய், நிழல் எங்க முடியுதோ அங்கங்க சுண்ணாம்புத் தூள்ல கோடு போடுவாங்கக்கா. அப்புறம் அதைப் பார்த்து நோட்டுல வரைஞ்சுக்குவோம். பத்து மாசத்துதையும் இப்ப இந்த ஒரே நோட்டுல சேர்த்து வரைஞ்சிருக்கு. உங்களுக்கு உதவுமான்னு பாருங்க."

"வெச்சிட்டுப் போ."

அவள் போனதும் பெரியவள் நோட்டைக் கையில் எடுத்தாள். பிரிக்கவில்லை. மாடலின் ஒரு மூலை மட்டும் தாழ்ந்து ஆடிக்கொண்டே இருந்தது. நோட்டை அதன் அடியில் செருகினாள். கச்சிதமாக நின்றது. 'பரவாயில்லை, இவள் நோட்டும் ஒன்றுக்கு உதவுகிறது' என்று மனசுக்குள் குளிர்ந்துபோனாள்.

மூன்று வாரம் கழித்துத் தலைமையாசிரியை சொன்னார்: "தைக்கிறதுக்கு முன்னாடி ஊசி குத்தி அளவு பார்க்கிற மாதிரி, உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒத்திகை பார்த்துடலாம். கயிறு கட்டுங்க, பலகை போடுங்க. பிள்ளைங்க ஒரு பீரியட் முழுசா அங்க உட்கார்ந்தாங்கன்னா நான் கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா ரப்பர்காரர்தான். லீவுக்குள்ள வேலை முடிஞ்சாகணும்."

ஒத்திகை நாள் காலையிலேயே பெரியவள் போய்விட்டாள். மரத்தடியில் செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டுப் படி அமைத்தாள். கட்டடத்தின் காலடியில் கயிறு கட்டி, 'தண்ணீர்த் தொட்டி', 'மட்கும் குழி' என்று அட்டை தொங்கவிட்டாள். எட்டு மணிக்கு அந்தப் படிகளில் நிழல் ததும்பிக் கிடந்தது. நெஞ்சு நிமிர்ந்தது.

"பிள்ளைங்களை வரச் சொல்லலாமா?" என்றாள்.

"இப்பவா? காலையில கணக்கு, வாசிப்பெல்லாம் உள்ளதான். வெளிவகுப்பு எப்பவும் சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றார் தலைமையாசிரியை.

பெரியவள் திரும்பி மரத்தடிப் படிகளைப் பார்த்தாள்.

மத்தியானம் இரண்டு மணி. மரம் அங்கேயேதான் நின்றது. நிழல்தான் மதிலேறிக் குதித்துத் தெருவுக்குப் போயிருந்தது. வெளியே யாரோ ஒரு புண்ணியவான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்த நிழலில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே முப்பத்திரண்டு பிள்ளைகள் பலகையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி பாவாடையைக் காலுக்குக் கீழே இழுத்துவிட்டாள். ஒருவன் புத்தகத்தைத் தலையில் கவிழ்த்தான். சின்னவள் பாடத்தை ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை, குருவி எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. நேரே நடந்து, கயிற்றைத் தாண்டி, 'மட்கும் குழி' என்ற அட்டைக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே சாரை சாரையாக முப்பத்தொன்று. கட்டடத்தின் நிழல் அங்கே அகலமாக, குளிர்ச்சியாக விழுந்து கிடந்தது.

ரப்பர்காரர் தற்செயலாக வந்ததுபோல் வாசலில் நின்றார். "நாங்க மேல ஷீட்டும் சேர்த்தே போட்டுத் தர்றோம் மேடம்" என்றார்.

பெரியவள் விறுவிறுவென்று மகளிடம் போனாள். "ஏன்டி எழுந்து வந்தே? அம்மா மானத்தை வாங்கவா?"

"அங்க சுடுதும்மா. இந்த மாசம் பன்னெண்டு மணிக்கே அங்க நிழல் தீர்ந்துடும். நாங்கதான் கோடு போட்டோமே!" குருவி நிமிர்ந்து பார்த்தாள். "நோட்டுல நான்தான்மா வரைஞ்சேன். உனக்குக் குடுக்க எல்லா மாசத்தையும் யார் வரையறீங்கன்னு மிஸ் கேட்டப்போ, எங்கம்மாதான் கிரவுண்டு கட்டப்போறாங்க, நான்தான் வரைவேன்னு முதல்ல கை தூக்கினேன். நீ பார்க்கவே இல்லியா?"

மாடலுக்கு அடியில் செருகிய நோட்டு பெரியவளின் கண்முன் வந்தது. எந்தப் பிள்ளையைச் சின்னவள் பிடுங்கிக்கொண்டாள் என்று ஒரு வருஷமாக எரிந்தாளோ, அந்தப் பிள்ளை தனக்காக வரைந்து அனுப்பியதை அட்டைக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள்.

"எந்த நோட்டு?" தலைமையாசிரியை சின்னவளிடம் திரும்பினார். "இப்படி ஒண்ணு இருக்குன்னா இவங்ககிட்ட குடுத்திருக்க வேண்டாமா டீச்சர்?"

சின்னவள் ஒரு கணம் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் மறந்துட்டேன் மேடம். என் தப்பு" என்றாள்.

"நல்லா மறந்தீங்க! ஒரு நாள் வேலை வீண், பிள்ளைங்க வெயில்ல காஞ்சதுதான் மிச்சம்." பிள்ளைகள் முன்னாலேயே வசவு விழுந்தது. குருவியின் முகம் சுருங்கிவிட்டது.

தப்பித்தோம் என்று பெரியவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வயிறு திகுதிகுவென்று எரிந்தது. கெட்டிக்காரப் பட்டம் சின்னவளுக்கு, மகள் கொண்டாடுகிற மிஸ் பட்டம் அவளுக்கு. இப்போது அடுத்தவள் பழியைச் சுமந்த தியாகிப் பட்டமும் அவளுக்கேவா? அதையாவது விட்டுக்கொடுப்பதாக இல்லை பெரியவள்.

"அவ குடுத்தா மேடம். மூணு வாரமாச்சு. நான்தான் பிரிச்சே பார்க்கல."

"ஏன்?"

"வயித்தெரிச்சல்."

ரப்பர்காரர் கையிலிருந்த பச்சைப் பொய்ப்புல் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற சாக்கில் சிரிப்பை அடக்கினார் என்றுதான் தோன்றியது.

"என் தங்கச்சி குடுத்த கைக்கடிகாரத்தை நான் பத்து வருஷமா பெட்டியை விட்டே எடுக்கல. அது என் வீட்டு விஷயம். ஆனா பள்ளிக்கூடத்துப் பிளான்ல வயித்தெரிச்சலுக்கு இடம் கிடையாது. அடுத்த வாரம் இதே நாள், இதே மணி. அதுவரைக்கும் இவரை நிறுத்தி வைக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் நோட்டை உருவினாள். மாடல் ஒரு பக்கம் சாய்ந்தது. சாயட்டும். முதல் பக்கத்தில் 'அம்மாவுக்கு' என்று கொட்டை எழுத்து. மாசத்துக்கு ஒரு நிறம், மணிக்கு ஒரு கோடு. மழை மாசத்தில் நிழல் எங்கே போகிறது, வெயில் மாசத்தில் எங்கே ஒடுங்குகிறது, பிள்ளைகள் எந்த நேரத்தில் எங்கே கூடுகிறார்கள் என்று புள்ளி புள்ளியாக. கோடெல்லாம் கோணல். ஆனால் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் குச்சிக் கை கால் வைத்து ஒரு உருவம், கையில் அளவு நாடா. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வருகிற அம்மாவை மகள் எல்லா நாளும் முற்றத்தில் நிறுத்தி வைத்திருந்தாள்.

சின்னவள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"ஏன் பொய் சொன்னே?" என்றாள் பெரியவள், தலை நிமிராமல்.

"உங்க முகம் அப்படி இருந்துச்சுக்கா."

"எப்படி?"

"உங்க மாடலைப் பார்த்த அன்னிக்கு என் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படி." சின்னவள் உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தாள். "நான் பத்து மாசமா வெயில்ல நின்னு கோடு போட்டுக் கத்துக்கிட்டேன். நீங்க ஒரு அட்டையில கிரவுண்டையே தூக்கிட்டு வந்து வெச்சிட்டீங்க. உங்க பொண்ணு வகுப்புல வாயைத் திறந்தா எங்கம்மா எங்கம்மாதான். 'பிள்ளைங்க எங்கே'ன்னு நான் சும்மா கேட்கல. குத்தணும்னுதான் கேட்டேன்."

பெரியவள் நிமிர்ந்து அவளை உற்றுப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"நல்லா குத்தினே போ" என்றாள். "சரி, பென்சிலை எடு. மழை மாசத்துல மூணு மணிக்குப் பிள்ளைங்க இந்த மூலையிலயே நிக்கறாங்களே, ஏன்?"

"அங்க கூரைத் தண்ணி கொட்டும்கா. கையை நீட்டிட்டு நிப்பாங்க."

"அப்ப அதை மூடக் கூடாது." பெரியவள் பிளானில் தொட்டியை மரத்தடிக்கு நகர்த்தினாள், படிகளைக் கட்டடத்தின் காலடிக்குக் கொண்டுவந்தாள். கூரைத் தண்ணீர் அந்த மூலையில் கொட்டி, ஒரு வாய்க்காலில் பிள்ளைகளின் கால் நனைத்துக்கொண்டே தொட்டிக்குப் போக வழி விட்டாள்.

அடுத்த வாரம் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பாடம் முடிந்து மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தலைமையாசிரியை அங்கேயே, பலகைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ரப்பர்காரர் தம் பச்சைத் துண்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

சிமென்ட்டை உடைக்கத் தொடங்கும் முன்பு கடைசியாக ஒரு தடவை கோடு போடுகிற நாள் வந்தது. பெரியவள் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனாள். குருவி சுண்ணாம்பு டப்பாவை அவள் கையில் கொடுத்தாள். நிழலின் ஓரத்தோடு குனிந்து, தூவித் தூவி நடந்தாள் பெரியவள். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அம்மா, கோணலா போடறே. மிஸ் நேரா போடுவாங்க."

அந்த நார் மறுபடி நாக்கில் தட்டுப்பட்டது. அது அவ்வளவு சுலபமாக எங்கே போகும்?

"இலை நிழல் கோணலாத்தான்டி விழும். உங்க மிஸ் நேரா போட்டா அது அவங்க கோடு. நிழலோட கோடு இதுதான்."

முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. "கேட்டுச்சுக்கா!"

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்" என்றாள் பெரியவள், அடுத்த பிடி சுண்ணாம்பை அள்ளிக்கொண்டே.