செல்லக்கிளியின் கைராசி

1986ஆம் ஆண்டு வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, திருச்சுழிக்குத் தெற்கே நரிக்குடி ரோட்டில் உள்ள ஓர் ஊரில், செல்லக்கிளியின் இரண்டு கைகளிலிருந்தும் தண்ணீர் வடிந்தது. முதலில் சாதாரணத் தண்ணீர், அடுத்துச் சோப்புத் தண்ணீர், அப்புறம் கை பொறுக்காத வெந்நீர், கடைசியில் நல்ல தண்ணீர். மொத்தம் முக்கால் மணி நேரம். மதியச் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு ஒரு தடவையும் விளக்கு வைத்த பிறகு ஒரு தடவையும் அதே வரிசையில் வடிந்தது. அந்த வருஷம் ஊர்க் கிணற்றில் வாளியை இறக்கினால் சேறுதான் ஏறும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரிக்கு முதலில் வந்தது பொறாமைதான்.

முந்தின நாள்வரை செல்லக்கிளி அருப்புக்கோட்டையில் வத்தல் மண்டி ராஜகுரு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். கிணறு வெட்டப் போன புருஷன் வெடியில் போய்ச் சேர்ந்த பிறகு பன்னிரண்டு வருஷம், விடிகிற பஸ்ஸில் போய்ப் பொழுது சாய்கிற பஸ்ஸில் திரும்பியவள். அவளுக்கு ஒரே மகள், மாரீஸ்வரி. வைராக்கியமும் ஒன்றே ஒன்றுதான். “எம் மக கை இன்னொருத்தர் எச்சித் தட்டுல படக் கூடாது.” ராஜகுருவின் மனைவி கோகிலாம்பாளின் காதுபடவே, அவள் வீட்டு எச்சில் தட்டைத் தேய்த்துக்கொண்டே இதைச் சொல்வாள். கோகிலாம்பாளும் “ஆமா ஆமா” என்று ஒப்புக்குச் சொல்லி வைப்பாள்.

வேலை போனதற்குக் காரணமும் அந்த மகள்தான். பாவம், அது செய்த குற்றம் வயசுக்கு வந்தது. சடங்குக்குச் செல்லக்கிளி நாலு நாள் லீவு கேட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் கேட்ட முதல் லீவு. அந்த நாலு நாளில் கோகிலாம்பாளுக்கு நகம் இரண்டு ஒடிந்தது. ராஜகுரு சாப்பிட்ட தட்டில் முந்தின நாள் மீன் வாடை அடித்தது. அடுத்த வாரம் வத்தல் லோடு விஷயமாக மெட்ராஸ் போனவர், ஒரு சாக்குப் பையில் வீட்டுத் தட்டு ஒன்றும் குழம்புச் சட்டி ஒன்றும் எடுத்துப் போனார். வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் பாத்திரம் கழுவும் மிஷின் இரண்டு இருந்தன. மேல்மூடி வைத்ததில் சட்டி நுழையவில்லை. முன்கதவு வைத்ததில் நுழைந்தது. கடைக்காரர் மோட்டார், ஹீட்டர் என்று ஆரம்பித்ததும் ராஜகுரு கையமர்த்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இது லீவு கேக்குமா?”

லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியிலேயே மிஷின் வந்து சேர்ந்தது. தப்பு நடந்தது அதற்குப் பிறகுதான். வியாபாரக் குடும்பம்; ராசியில்லாத கையால் எதையும் தொடங்க மாட்டார்கள். செல்லக்கிளியின் கை ராசியான கை என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். மண்டியில் புதுத் தராசு மாட்டினாலும் அவளைத்தான் முதலில் தொடச் சொல்வார்கள். கோகிலாம்பாள் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, “ஏ செல்லக்கிளி, ஒங் கையால மொத மொத நீயே உள்ள வையி. அப்பத்தான் கோளாறில்லாம ஓடும்” என்றாள். செல்லக்கிளி தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, உள்ளங்கையால் கதவை அழுத்தி மூடினாள். அது ஓடி நின்றதும் ஒரு சேலையும் எவர்சில்வர் தூக்கும் கொடுத்து, “நாளையிலேர்ந்து ஒனக்கு அலைச்சல் இல்ல” என்றாள் மகராசி. வாய் கூசாமல், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னாள். மிஷின் ஓடின நேரமெல்லாம் செல்லக்கிளியின் கை நனைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கை என்றைக்குக் காய்ந்திருந்தது, கவனிப்பதற்கு?

அந்தக் கோடையில் அருப்புக்கோட்டைத் தெருக்குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வந்தது. ஆனாலும் தட்டுகள் வேளை தவறாமல் பளபளவென்று வந்தன. குழாய் மாட்டிவிட்டவர் இரண்டு தடவை வந்து பார்த்து, மிஷினுக்குள் ஒரு சொட்டுகூடப் போகவில்லை என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார். “மெட்ராஸ் மிஷினு, தண்ணியே குடிக்காது” என்று கோகிலாம்பாள் தெருவெல்லாம் சொன்னாள். தெருவும் நம்பியது. ஓசியில் நடக்கிற காரியத்தை யார் துருவிக் கேட்பார்கள்?

செல்லக்கிளி வீட்டிலிருந்தே செய்கிற தீப்பெட்டி வேலைக்கு மாறியிருந்தாள். ஏஜெண்டு கொண்டுவந்து போடும் குச்சிகளை மரச்சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்கித் தர வேண்டும். ஒரு சட்டம் நிறைவதற்குள் கை நனைந்துவிடும். “குச்சியெல்லாம் நமத்துப் போச்சு தாயி, இத எவன் எடுப்பான்?” என்று ஏஜெண்டு மூன்றாம் வாரமே கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மாரீஸ்வரி எட்டாம் வகுப்போடு நின்று, அம்மா நனைத்த வேலையைத் தான் உட்கார்ந்து செய்தாள். செல்லக்கிளி திண்டாடிப் போனாள். அழுது தீர்த்துவிட்டு, குச்சிதானே, எச்சில் இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஊர் தேறியது. கடைசியில் வடிகிற நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வரிசை நின்றார்கள். சோப்புத் தண்ணீர் துணிக்கு, முதல் தண்ணீர் ஆட்டுக்கு. பஞ்சாயத்துத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, அவள் உட்கார வசதியாக ஒரு சிமெண்ட் மேடையும் தண்ணீர் ஓட வாய்க்காலும் கட்டிக் கொடுத்தார். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெடித்துக் கிடந்ததைப் பற்றி ஒருத்தராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. வெந்நீர் நேரத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். வரிசை பொறுமையாகக் காத்திருக்கும்.

எந்த வீட்டுத் தண்ணீர் என்று அவளுக்கு வாடையிலேயே தெரிந்துபோயிற்று. பன்னிரண்டு வருஷம் தேய்த்த எண்ணெய்ப்பிசுக்கு மறக்குமா? ஐப்பசியில் ஒருநாள் பஸ் ஏறிப்போய் ராஜகுரு வீட்டு முற்றத்தில் நின்று, “அக்கா, அந்த மிஷின நிப்பாட்டிருங்க. எங் கை அழுகிப் போச்சு” என்றாள். கோகிலாம்பாள் நம்பாமல் சுவிட்சைப் போட்டாள். முற்றத்தில் நின்றவளின் கைகளிலிருந்து தண்ணீர் கொட்டியது. கோகிலாம்பாள் உள்ளே போய் ஒரு பேசினை எடுத்துவந்து அந்தக் கைகளுக்கு அடியில் வைத்தாள்.

“தரையெல்லாம் நனையுது பாரு” என்றாள். “நிப்பாட்டுனா இம்புட்டுப் பாத்திரத்த யாரு கழுவுவா? நீயே சொல்லு.”

செல்லக்கிளி ஊருக்குத் திரும்பி, இரண்டு கையையும் பழைய சேலைத்துணியால் இறுக்கக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் அருப்புக்கோட்டையில் மிஷின் உறுமியது, உறுமி நின்றது, பருக்கையோடு தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தது. மதுரையிலிருந்து மெக்கானிக் ராம்குமார் வந்தான். மிஷினின் முதுகைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே எல்லாம் கடையில் இருந்தபோது எப்படிக் காய்ந்திருந்ததோ அப்படியே காய்ந்திருந்தது. இரண்டு நாள் தலையைச் சொறிந்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டான், “மொதல்ல இதுல பாத்திரம் வச்சது யாரு?”

ராம்குமார் பஸ் ஏறிச் செல்லக்கிளியின் ஊருக்கு வந்தான். துணியை மெல்ல அவிழ்த்தான், களிம்பு தடவினான். பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இத நிப்பாட்ட வழியே இல்லையா தம்பி?”

“மிஷின்ல கோளாறு இல்லக்கா. இருந்தாத்தான என்னால ஏதாச்சும் செய்ய முடியும்?” என்றான். ஆனால் சர்வீஸ் சீட்டில் ‘பழுது சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடவும் அவன் மறக்கவில்லை. அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சர்வீஸுக்கு வந்தான். சர்வீஸ் என்றால் ஒரு டியூப் களிம்பு, ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். துணி கட்டினால் களிம்பு வராது, களிம்பு இல்லாவிட்டால் கை வெந்துபோகும். செல்லக்கிளி துணி கட்டுவதை விட்டாள்.

ஆறு வருஷம் அப்படியே ஓடியது. 1993 தையில் தட்டுகளில் ஓரமாகக் கறை நிற்க ஆரம்பித்தது. ராம்குமார் செல்லக்கிளியின் கைகளை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கையில் ரேகையே இல்லை. “தேஞ்சு போச்சு சார். வேற மாத்தணும்” என்று ராஜகுருவிடம் சொன்னான்.

மறு வாரம் ஒரு மத்தியானம், குடங்கள் வரிசையாக நின்ற நேரம், ராஜகுருவின் கார் ஊருக்குள் வந்தது. கோகிலாம்பாள் வெற்றிலை பாக்கும் பூவும் வைத்த தட்டோடு இறங்கினாள். அவள் அவ்வளவு தன்மையாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“ஒம் மகளுக்கும் ஒங் கைதான் செல்லக்கிளி. தாய் கைராசி மகளுக்கு வராமப் போகுமா? வேல செய்ய வேணாம், ஒரே ஒரு தடவ வந்து மிஷினத் தொட்டுட்டுப் போகட்டும். கார்லயே கொண்டாந்து விட்டுருதோம்.”

மாரீஸ்வரி குச்சி அடுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். செல்லக்கிளி மேடையிலிருந்து எழுந்தாள். சோப்புத் தண்ணீர் முழங்கைவரை வழிய, வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னாள்.

“அக்கா, எம் மக கை ராசியில்லாத கை. இவ பொறந்த மறுவருஷமே அப்பன வெடி காவு வாங்கிருச்சு. இவ கையால தீவனம் வச்ச அன்னைக்குத்தான் எங்க சென ஆடு செத்து விழுந்துச்சு. நான் பெத்தவ சொல்லுதேன். வெளங்காத கை அது.”

கோகிலாம்பாள் நீட்டிய தட்டைச் சடக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். கார் வந்த புழுதியிலேயே திரும்பிப் போனது. குடம் வைத்திருந்த பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் பிடிப்பதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

“நீயே இப்படிச் சொல்லிட்டயேம்மா” என்றாள் மாரீஸ்வரி.

“கையக் காட்டு.”

காட்டினாள். தொட்டால் நனைந்துவிடும் என்று செல்லக்கிளி குனிந்து கண்ணால் மட்டும் பார்த்தாள்.

“காஞ்சிருக்குல்ல? போதும்” என்றாள்.

சொன்ன சொல் சும்மா போகவில்லை. அந்த ஆவணியில் நரிக்குடியிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. அதற்கடுத்து யாருமே வரவில்லை. விதைப்புக்கு முதல் கை போட, பிள்ளைக்கு முதல் சட்டை மாட்ட, கல்யாண வீட்டில் மஞ்சள் இடிக்க, எதற்கும் மாரீஸ்வரியைக் கூப்பிடுவதில்லை. தீப்பெட்டி ஏஜெண்டு மட்டும் ராசி பார்க்காமல் குச்சி கொடுத்தார். அருப்புக்கோட்டையில் ராம்குமார் ஒரு வழி சொல்லிக் கொடுத்தான்: கறை போக, ஒரு தடவை ஓட்டுவதை இரண்டு தடவை ஓட்டுவது. செல்லக்கிளியின் கை நாளைக்கு ஆறு தடவை வடிந்தது. ஊருக்கு இன்னும் நாலு குடம் கூடுதலாகக் கிடைத்தது.

1998 சித்திரையில் ஒருநாள் விடிவதற்கு முன் செல்லக்கிளி செத்துப்போனாள். குளிப்பாட்டத் தண்ணீருக்கு எங்கே போவது என்று பெண்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது மணி ஒன்பதே கால் ஆயிற்று. அருப்புக்கோட்டையில் காலைப் பலகாரத் தட்டுகள் உள்ளே போயிருக்கும்போல. வழக்கம்போல வடிந்தது. கடைசி நல்ல தண்ணீரைப் பிடித்து அவளை அதிலேயே குளிப்பாட்டி, மதியத்துக்குள் தூக்கிவிட்டார்கள். மதியத் தட்டுகள் சோறும் குழம்புமாக அப்படியே வெளியே வந்தன.

எட்டாம் நாள் ராம்குமார் வந்தான். பையில் களிம்பு இல்லை. மாரீஸ்வரி வாசலில் சட்டத்தை மடியில் வைத்துக் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவன் நின்றான். அவள் ஒரு கையை மட்டும் தூக்கி, விரலை விரித்துக் காட்டினாள்.

“வெளங்காத கைங்க இது” என்றாள். “எங்கம்மா சொல்லிருக்காக.”

அவன் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தான். அந்த மாதமே ராஜகுரு வீட்டில் பாத்திரம் தேய்க்க ஆள் வைத்தார்கள். ராம்குமார் வந்துபோன அன்று சாயங்காலம் ஏஜெண்டு வந்து மாரீஸ்வரி அடுக்கிய சட்டங்களைத் தட்டிப் பார்த்தார். ஒரு குச்சிகூட நமத்திருக்கவில்லை.