மேல்வீட்டுக் கால்கள்

மூன்றாம் மாடித் தையல்காரியின் கால்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாம் மாடி பஸ் டிரைவர் வீட்டுக் கூரையிலிருந்து வெளியே வந்தன. முதலில் உள்ளங்கால்கள், மதியத்துக்குள் கணுக்கால்கள். சிமெண்டில் விரிசல் இல்லை, தூசிகூட உதிரவில்லை. ரிட்டயரான டிரைவர் சாப்பாட்டு மேசையை இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டு, தண்ணீர்க் கசிவுக்கு எழுதும் அதே படிவத்தில் குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் எழுதினார். 'என்ன கசிகிறது' என்ற இடத்தில் 'கால்' என்று நிரப்பினார்.

அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரக் கட்டடங்களில் எல்லாம் கம்பியைப் பிடித்துத் தொங்கியவன், சொந்தக் குளியலறையில் சோப்பை மிதித்து வழுக்கிச் செத்தான். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்டே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றிலிருந்து அவள், அவன் ஆறு மணிக்கு வரும் தெருவைப் பார்த்தபடி ஜன்னலோரம் நின்றாள். நின்றாள் என்றால் நின்றதுதான். நாத்தனார் ஊட்டியதை விழுங்கினாள், மற்றபடி அசையவில்லை, மாவில் கரண்டி இறங்குவதுபோல் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பார்த்தார்கள். இழுக்க இழுக்க இன்னும் இரண்டு அங்குலம் போனாள். "விடுங்க, போற வரைக்கும் போறேன்" என்றாள். கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தளம் ஒன்பது அங்குலக் கனம், இந்தம்மா தலையும் ஏறக்குறைய அவ்வளவுதான், தலை உள்ளே போய்விட்டால் மூச்சுக்கு வழியில்லை என்று டேப் வைத்து அளந்து சொல்லிவிட்டு, டீ குடித்துப் போனார்.

ஐம்பத்தோராம் நாள், முழங்கால்வரை இறங்கியிருந்தபோது, டிரைவர் குளித்துவிட்டுக் கண்ணாடி போடாமல் வந்து, ஈரத்துண்டை அவளுடைய இடது பாதத்தின்மேல் வீசி மாட்டினார். பழக்கதோஷம். பழைய ஃபேன் கொக்கி அந்த இடத்தில்தான் இருந்தது, பத்து வருடமாகத் துண்டு காய்ந்ததும் அதில்தான்.

"அண்ணே! துண்டப் பிழிஞ்சு போடத் தெரியாதா? பாதமெல்லாம் சில்லுனு இருக்கு!"

மேலேயிருந்து வந்த அந்தச் சத்தத்தோடு பாதம் ஒரு சுற்றுச் சுற்றித் துண்டை உதறியது. துண்டு டிரைவரின் வழுக்கைத் தலையில் விழுந்தது. அவள் அரை அங்குலம் ஏறினாள்.

அந்த அரை அங்குலத்தைக் கவனித்தது டிரைவரின் மனைவி. அவளுக்குக் கால்வீக்கம். கணுக்காலை மெதுவாகச் சுற்றச் சொல்லி டாக்டர் கொடுத்த தாள், ஒரு நாளும் பயன்படாமல் ஃபிரிட்ஜ் மேல் மஞ்சளடித்துக் கிடந்தது. அதை எடுத்துக் கூரையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்.

"வலப்பக்கம் பத்து சுத்து, இடப்பக்கம் பத்து. வலிச்சா நிறுத்திடணுமாம்."

"எனக்கெதுக்குக்கா இதெல்லாம்?"

"எனக்கு மட்டும் எதுக்காம்? நீ சுத்துனா நானும் சுத்துறேன். தனியாச் செய்ய எனக்கு உடம்பு வணங்காதுடி."

பாயை விரித்து மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கினாள். மேலே இரண்டு பாதங்கள், கீழே இரண்டு பாதங்கள், ஒன்றுக்கொன்று வழிகேட்பதுபோல் சுற்றின. ஒரு மாதத்தில் பாய் போதாமல் ஜமுக்காளம் வந்தது. ஒன்றாம் மாடிப் பல் டாக்டர், இஸ்திரிக்காரர், மூட்டுவலிக்காரர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்டவர்கள் என்று தினமும் ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேர் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தார்கள். நடுவில் ஜிம் மாஸ்டர் ஒருவர் வந்து "வேகமா! இன்னும் வேகமா!" என்று கத்தியதில் அவள் இடுப்புவரை இறங்கிவிட்டாள். அவரை மரியாதையாகப் படியில் இறக்கிவிட்டார்கள்.

ஒரு நாள் மேலே அழுகை வெடித்தது. "பாவி மனுஷா, கீழ பாத்து நடக்க மாட்டியா நீ!" என்று அவள் செத்தவனைத் திட்டித் திட்டி அழுதாள். கீழே கிடந்தவர்கள் ஆறுதல் சொல்ல வந்திருந்தால் அத்தனை பேரும் சொதப்பியிருப்பார்கள். காலைத் தூக்கி வைத்திருந்ததால் பேச ஒருவருக்கும் மூச்சில்லை. சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அன்று மட்டும் ஒரு சாண் ஏறினாள்.

ஏழாம் மாதம் முழுசாக வெளியே வந்து, படியிறங்கிப் போய், டிரைவர் வீட்டு ஜமுக்காளத்தில் படுத்தாள். அதன்பிறகும் ஆறு மணியானால் ஜன்னலில் ஒரு பார்வை பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கீழே போவாள். கூட்டம் நிற்கவில்லை. சங்கம் அந்தப் புகாரை 'சரிசெய்யப்பட்டது' என்று முடித்துவைத்தது.

ஒன்பது வருடம் கழித்து டிரைவரின் மனைவி தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். பன்னிரண்டாம் நாள், ஒன்றாம் மாடியில் கடைவாய்ப்பல் பிடுங்குவதற்காக வாயைப் பிளந்து படுத்திருந்த ஒருவர் மேலே கையைக் காட்டினார். பல் டாக்டர் அண்ணாந்து பார்த்தார். வெடிப்பு விழுந்த இரண்டு கால்கள். வலது பாதம் பிரேக் மிதித்து மிதித்துத் தட்டையாகியிருந்தது. பல்லைப் பிடுங்கி, பஞ்சு வைத்து, கையைக் கழுவிவிட்டு மூன்றாம் மாடிக்குப் போன் செய்தார்.

தையல்காரி கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஒரு துண்டை வாளியில் முக்கினாள். பிழியவில்லை. படியெல்லாம் சொட்டச் சொட்ட இறங்கி வந்து, ஸ்டூலில் ஏறி அந்த வலது பாதத்தில் மாட்டினாள். தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா," என்றது கடைசியில் மேலேயிருந்து உடைந்த குரல், "பிழிஞ்சு போடத் தெரியாதா?"

"தெரியாதுண்ணே. வலப்பக்கம் மொதல்ல, பத்து சுத்து. அக்காவோட தாள் என்கிட்டதான் இருக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தாள். பல் டாக்டரும் பக்கத்தில் படுத்தார். நாற்காலியில் இருந்தவர், வாயில் பஞ்சோடு, தானும் இரண்டு காலையும் தூக்கினார்.