குலுக்கக் கூடாத மருந்து

பெயிண்ட் கடையில் இருபத்தாறு வருஷமாக வண்ணம் கலக்கும் அவரைத் தெருவே கலர்க்காரர் என்றுதான் கூப்பிடும். பழைய சுவரின் சுண்ணாம்புத் துணுக்கு ஒன்றைக் கொடுத்தால் போதும், அதே வண்ணத்தைக் கையில் கொடுத்துவிடுவார். அந்தக் கைமேல் அவருக்கு அவ்வளவு பெருமை.

மனைவிக்குச் சிறுநீரகம் ஓய்ந்துபோனபோது, ரத்தம் ஊற வாராவாரம் போடும் ஊசியையும் அந்தக் கையே பழகிக்கொண்டது. ஒரு வாரம் தவறியதில்லை. தேதி, மணி, இடது தொடையா வலது தொடையா என்பதுவரை நோட்டில் ஏறியது. ஆனால் ஹீமோகுளோபின் மட்டும் ஏழரையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

ஆறு வாரத்தில் ஒன்பதைத் தொடாவிட்டால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அடுத்தவர் ரத்தம் ஏறினால், பிறகு வைக்கப்போகும் சிறுநீரகத்தை உடம்பு ஏற்காமல் முரண்டு பிடிக்கலாமாம். சிறுநீரகம் தருவதாக இருந்த மைத்துனனுக்கும் முகம் வாடிப்போயிற்று.

ஊசி அறை சிஸ்டர், வீட்டில் போடுவது போலவே போட்டுக் காட்டச் சொன்னார். எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டாலும், கலர்க்காரர் குளிர்பெட்டியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்தார். காதோரம் தூக்கிப் பிடித்து, பெயிண்ட் டப்பாவைக் குலுக்குவது போல இருபது தடவை குலுக்கினார்.

சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இத்தனை நாளும் இப்படித்தானா?"

"அடியில தங்கிடக் கூடாதில்ல சிஸ்டர்?"

சிஸ்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரத்த அணு செய் என்று எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லி அனுப்புவது சிறுநீரகத்தின் வேலை. அது ஓய்ந்ததால் மஜ்ஜை கேட்பாரற்றுச் சும்மா கிடக்கிறது. இந்த மருந்துதான் போய் அதை எழுப்ப வேண்டும். ஆனால் இது நோஞ்சான் உடம்புக்காரப் புரதம், குலுக்கினால் கெட்டுப்போகும் என்று விளக்கினார். யாராவது குலுக்குவார்கள் என்று தனக்குத் தோன்றவே இல்லை, சொல்லாதது தன் தவறுதான் என்றும் ஒத்துக்கொண்டார்.

கலர்க்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. "கை பழக்கம்தானே, விடுங்க" என்றாள் மனைவி.

அடுத்த வாரத்திலிருந்து, தூங்கும் பிள்ளையை எடுப்பது போலக் குப்பியை எடுத்தார். தினமும் காலையில் ஜன்னலோரம் அவளை நிறுத்தி, கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். முதலில் வெள்ளைச் சுண்ணாம்பு. மூன்றாம் வாரம், வெள்ளையில் ஒரு சொட்டுச் சிவப்பு. ஐந்தாம் வாரம் அவள் நடுவில் உட்காராமல் மாடி ஏறினாள்.

ஆறாவது வாரம், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கையில், "ஒன்பதுக்கு மேல இருக்கும்" என்றார் கலர்க்காரர்.

"அப்ப லேபை இழுத்து மூடிட்டு, எல்லாரையும் உங்க கடைக்கே அனுப்பிடலாம் மாமா" என்றான் மைத்துனன்.

சீட்டு வந்தது. 9.3. மைத்துனன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தான். மனைவி சீட்டைப் பார்க்காமல் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் கலர்க்காரர் ஒரு சின்னப் பலகையுடன் வந்து, ஊசி அறைக் குளிர்பெட்டிக்கு மேல் தானே மாட்டினார். 'மருந்தைக் குலுக்காதீர்கள்' என்று அவர் கையெழுத்து, அச்சடித்தது போல.

"நல்ல சிவப்பா இருக்கே, என்ன கலர் அண்ணே?" என்று கேட்டார் சிஸ்டர்.

கலர்க்காரர் நிமிர்ந்து நின்றுகொண்டார். "ஒன்பது புள்ளி மூணு."