மூத்தவரின் வெயில் வைத்தியம்

மூத்தவர் ஒரு காலத்தில் மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதியவர். மாத்திரைப் பெட்டிகளின் வாசம் பட்டதாலேயே தம்பி வீட்டில் அவர் பாதி டாக்டர். மீதிப் பாதியை அவர் தொண்டை பார்த்துக்கொண்டது.

தம்பி மனைவி தையல் கடை வைத்திருந்தாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் தாண்டியும் அதன் கண்ணில் இருந்த மஞ்சள் நிறம் போகவில்லை.

"எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதாம்மா. காலை வெயில்ல காட்டு, ஓடிப்போயிடும்" என்றார் மூத்தவர். கணவன் தலையாட்டினான். அண்ணன் தும்மினாலும் தலையாட்டுகிற ஆள் அவன்.

காட்டினார்கள். வேர்க்குரு வந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் துணி மாற்றும்போது அவள் திடுக்கிட்டாள். மலம் சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெளுத்திருந்தது. மூத்திரமோ கடுந்தேநீர் நிறம்.

"மாமா, இதக் கொஞ்சம் பாருங்க."

மூத்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "பால் குடிக்கிற புள்ளைக்கு வேற எப்படிப் போகும்? பால் வெள்ளைதானே?"

'அப்ப காப்பி குடிக்கிற உங்களுக்கு?' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். அந்தத் துணியைப் பையில் சுருட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

துணியைப் பார்த்ததும் குழந்தை டாக்டரின் முகம் மாறியது. ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள்.

"பொறந்த முதல் வாரத்துல வர்ற மஞ்சள் வேறம்மா. அது ஏறினா நீல விளக்குல வைப்போம், இறங்கிடும். இது அப்படியில்ல. ஈரல்ல சுரக்கிற பித்தம் குடலுக்கு வர்ற குழாய் அடைச்சிருக்கு. அதான் மலம் வெளுத்துப்போச்சு. இதுக்கு வெயிலும் உதவாது, விளக்கும் உதவாது. ஆபரேஷன்தான், அதுவும் சீக்கிரம்."

குடலை ஈரலோடு இணைத்துத் தைத்தார்கள். சில வாரங்களில் மலம் நிறம் பிடித்தது. கண்ணும் தெளியத் தொடங்கியது. "தொடர்ந்து பாக்கணும். சில பிள்ளைங்களுக்குப் பின்னாடி ஈரலே மாத்த வேண்டி வரும்" என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மூத்தவர் பார்க்க வந்தார். கணவனும் கட்டிலருகே இருந்தான். பக்கத்துக் கட்டில்காரரிடம், "நான் அப்பவே டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேன்" என்று ஆரம்பித்தார்.

"போதும் மாமா" என்றாள் அவள். "உளறினது நீங்க, கேட்டது உங்க தம்பி, வயித்தக் கிழிச்சுக்கிட்டது எம் பொண்ணு."

கட்டில்காரர் சிரிப்பை அடக்க இருமினார். வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டதாக முனகி மூத்தவர் நழுவினார்.

அவள் குழந்தையைக் கணவன் கையில் கொடுத்தாள். "அடுத்த தடவை டாக்டர்கிட்ட காட்ட நீங்களே தூக்கிட்டு வாங்க."

அவன் பிடிக்கத் தெரியாமல் பிடித்தான். அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.