கிறுக்கலாய்ப் போன கேள்வித்தாள்

நல்லவராக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அமீருதீன் பாய் நல்லவர்தான், யார் இல்லை என்றார்கள்! ஆனால் அவர் மகள் ஹஃபீசா பத்தாவது படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளைத்தான் நான் கம்ப்யூட்டரில் டைப் அடித்து வைத்திருந்தேன். கிழக்குத் தாம்பரம் ஜெயக்கொடியின், அதாவது என், டி.டி.பி. கடையில் கொடுத்தால் ஈ காக்கைக்குத் தெரியாது என்று ஹெட்மாஸ்டரே சொல்லுவார். அந்தப் பேரை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்றேழு டிசம்பர். திங்கட்கிழமை அரையாண்டுத் தாள்களை ஒப்படைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிளாப்பி டிரைவ் மண்டையைப் போட்டது. என்னிடம் பிரிண்டர் கிடையாது. பிளாப்பியில் எடுத்துப்போய்த்தான் வெளியே பிரிண்ட் போடுவேன். டிரைவ் இல்லாமல் எதை எடுப்பது?

கம்ப்யூட்டர் பெட்டியைப் பாயிடம் ரிப்பேருக்கு அனுப்பினால் தாள்களும் கூடவே போகும். அழித்தாலோ எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். யோசித்து யோசித்து, தமிழ் ஃபாண்டை மட்டும் அழித்தேன். அது இல்லாவிட்டால் நான் அடித்த தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் கமாவும் கொக்கியுமாகத்தான் தெரியும். எமனே வந்தாலும் படிக்க முடியாது. திரும்பப் போட்டுக்கொள்ள ஃபாண்ட் ஒரு பிளாப்பியில் பத்திரமாக இருந்தது. அடி என் சமத்தே என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாய் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கமிருந்து பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார்.

"டிரைவ் புச்சு போட்டாச்சுக்கா. ஆனா உள்ள பயங்கர வைரஸ். எந்த ஃபைலத் தொறந்தாலும் ஒரே கிறுக்கலா கீது. ஒண்ணு விடாம தொடச்சிட்டேன். அதுக்குக் காசெல்லாம் வேணாம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே!

"அடப்பாவி மனுஷா! அது வைரஸ் இல்ல பாய், தமிழ்! ஃபாண்ட் இல்லன்னா அப்படித்தான் தெரியும். நாளைக்குக் குடுக்கவேண்டிய வேலை!"

பாவம், முகம் செத்துப்போயிற்று. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தப்பு எம்மேலதான்க்கா. கையெழுத்துக் காயிதம் இருக்குமில்ல? குடுங்க. நான் படிச்சுச் சொல்றேன், நீங்க அடிச்சுகினே வாங்க. முடிச்சிரலாம்."

காகிதங்கள் இருந்த பீரோவின் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"வேணாம் பாய்."

"ஏன்க்கா?"

"அது ஹஃபீசா எழுதப்போற கொஸ்டின் பேப்பர்."

பாய் எழுந்துவிட்டார். "அப்ப அந்த ஃபாண்டு?"

"நான்தான் எடுத்தேன்."

"நான் பாத்துடக் கூடாதுன்னா?"

தலையை மட்டும் ஆட்டினேன். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா, டிரைவ இங்கயே எடுத்தாந்து ஒங்க கண்ணு முன்னாடி மாட்டியிருப்பேனேக்கா. பத்து நிமிசம்கூட ஆவாது."