லேகியப் பானை

பழவேற்காட்டிலிருந்து திரும்பிய துளசிராமன் அறைக்கதவைத் திறந்ததும் மூலையைப் பார்த்தான். பானையைக் காணோம்.

ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் எந்தப் பாம்பு எங்கே குடியிருக்கிறது என்று பிடித்துப் பார்த்து எழுதுவதுதான் எழுபத்திரண்டாம் வருஷத்தில் அரசாங்கம் அவனுக்குக் கொடுத்திருந்த வேலை. உள்ளதைச் சொன்னால் புதுவாயலில் யார் வாடகைக்கு இடம் தருவார்கள்? அதனால், துணியால் வாய்கட்டி வைக்கும் பானையில் லேகியம் இருப்பதாக வீட்டுக்காரி ஜானகியம்மாளிடம் அளந்து வைத்திருந்தான். இந்த முறை அதில் இருந்தது கட்டுவிரியன். கடித்தால் வலிகூடத் தெரியாது, ஆளை முடித்துவிடும்.

ஜானகியம்மாள் சாவகாசமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் கங்கம்மாளின் மகளுக்கு வள்ளூரில், புருஷன் வீட்டிலேயே இரண்டாவது பிரசவம் ஆகியிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் நல்லதாயிற்றே என்று, இவள்தான் மாற்றுச் சாவி போட்டுப் பானையை எடுத்துக் கொடுத்தாளாம். கங்கம்மாள் காலை பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

"நீ இருந்தாலும் குடுத்திருப்பேதானே தம்பி?"

அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

பஸ்ஸில் வழியெல்லாம் கங்கம்மாளின் கை பானைக்குள் போவதுதான் கண்முன் நின்றது. வள்ளூரில் இறங்கி டீக்கடையில் விசாரித்தால், யார் வீட்டுக்கு என்று கேட்டார்கள். மருமகன் பெயர் தெரியவில்லை, மகள் பெயரும் தெரியவில்லை. எந்தப் பாம்பு எந்தப் பொந்தில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்; இரண்டு வருஷமாகச் சுவரை ஒட்டிக் குடியிருந்தவளைப் பற்றி ஒன்றும் தெரியாத மடையன். தெருத்தெருவாக அலைந்தான். பாம்புச் சட்டை தேடிப் பழகிய கண், கடைசியில் ஒரு கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளைப் பிடித்தது.

உள்ளே, தலைக்குக் குளித்த மகள் பாயில் உட்கார்ந்திருந்தாள். கங்கம்மாள் பானையை மடியில் வைத்துக்கொண்டு, இறுகிப்போன முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தாள். பாய்ந்து பிடுங்கினான்.

"கேக்காம எடுத்தது தப்புதான் தம்பி. ரெண்டே ரெண்டு உருண்டை குடுத்துட்டு எடுத்துக்கினு போ," என்றாள் அவள் கெஞ்சலாக.

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. வெட்கமாக இருந்தது.

"லேகியம் இல்லீங்கம்மா. பாம்பு."

பானைக்குள் ஏதோ உரசியது. மகள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். கங்கம்மாள் வாயில் வந்தபடி திட்டுவாள் என்று அவன் தலைகுனிந்து நின்றான். அவள் திட்டவில்லை. தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாம் கூட்டத்துல, ஒடைஞ்சிடப் போவுதுன்னு மடியிலயே வச்சிக்கினு வந்தேனே தம்பி," என்றாள்.